ஆராய்ச்சிக் குழுவில் உட்காரச் சொல்கிறார்கள், போகலாமா?

வாசகர் கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் கணவருக்கு நான்கு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது, வாரம் இரண்டு நாள், காப்பீட்டு அட்டையில். நான்தான் கூடப் போய் வருகிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன், வீட்டில் தையல் வேலை. போன வாரம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் போனில் பேசினார். டயாலிசிஸுக்கு ஒழுங்காக வராதவர்கள் ஏன் வருவதில்லை என்று ஓர் ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம், அந்தக் குழுவில் நோயாளிகள் தரப்பில் நாங்கள் இருவரும் உட்கார வேண்டுமாம். "நம்மை வைத்துப் பரிசோதனை பண்ணுவார்கள், வேண்டாம்" என்கிறார் இவர். முடியாது என்று சொன்னால் டயாலிசிஸ் வார்டில் முகம் காட்டுவார்களோ என்று எனக்குப் பயம். டாக்டர்கள் நடுவில் நான் போய் என்ன பேசுவது? போய் வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும், அதற்குப் பணம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன்னால் அந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டு முக்கியமாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆராய்ச்சியை எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பியாச்சா, இனிமேல்தானா?" இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் உங்கள் கணவரின் பயத்துக்கு வருவோம், ஏனென்றால் அவர் மனசு ஒப்பாமல் நீங்கள் மட்டும் போய் உட்கார்ந்தால் அது வீட்டுக்குள் வேறு பிரச்சினையாகும்.

ஆராய்ச்சியில் சேருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆராய்ச்சி உங்கள் மேல் நடப்பது: புது மருந்து கொடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், அல்லது வெறும் கேள்வி கேட்டுப் பதில் குறித்துக்கொள்வார்கள். அதில் நீங்கள் பங்கேற்பாளர். இன்னொன்று, ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று முடிவு செய்கிற மேஜையில் நீங்களும் உட்காருவது. என்ன கேள்வி கேட்பது, யாரிடம் கேட்பது, எதை நல்ல பலன் என்று எடுத்துக்கொள்வது, முடிவை யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். உங்களைக் கூப்பிட்டிருப்பது இந்த இரண்டாவது வேலைக்கு. இதில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அந்த டாக்டர் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் உங்கள் கணவர் ஒரு வாரம் கவலைப்பட்டிருக்க மாட்டார், ஆனால் எங்கள் ஆராய்ச்சித் துறை ஆட்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் குறைவு.

அதற்காக அவர் பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். 2009-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. கம்மத்தில் பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்ததும் விஷயம் வெடித்தது, 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அந்த ஊசியையே பழிப்பார்கள். ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணத்தை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கிழித்துத் தொங்கப் போட்டது. அங்கே ஒரு தாயையாவது முன்கூட்டியே கூப்பிட்டு "உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்யலாம்" என்று கேட்டிருந்தால், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எங்கோ தள்ளி இருக்கிறார்கள், அவர்களிடம் எப்படிப் போவது என்ற பேச்சு முதல் நாளே வந்திருக்கும். உங்களைப் போன்றவர்கள் மேஜையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அந்த எதிக்ஸ் கமிட்டி கேள்வி.

நம் நாட்டில் மனிதர்களை வைத்து நடக்கும் எந்த மருத்துவ ஆராய்ச்சியும் தொடங்குவதற்கு முன் எதிக்ஸ் கமிட்டி எனப்படும் நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்கக் கூடாது. சட்டம் தெரிந்தவர், சமூகவியல் தரப்பில் ஒருவர், மருத்துவத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரண ஆள் என்று எல்லோரும் வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். நானும் அப்படி ஒரு குழுவில் சமூகவியல் தரப்பு நாற்காலியில் இருக்கிறேன். எங்களிடம் வரும் கோப்பில் ஆராய்ச்சியின் முழுத் திட்டமும் இருக்கும்: கேள்வித்தாள், தமிழில் தகவல் தாள், ஒப்புதல் படிவம், எத்தனை பேர், எவ்வளவு செலவு. நாங்கள் அனுமதி கொடுத்த பிறகு அதில் ஒரு கேள்வியை மாற்ற வேண்டும் என்றாலும் மறுபடி எங்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு நாள் ஆகும். முதுகலை மாணவரின் ஆய்வேடாக இருந்தால் தேதி நெருக்கும், வழிகாட்டும் பேராசிரியர் அவசரப்படுத்துவார், யாரும் மாற்ற மாட்டார்கள்.

ஆக, அனுமதி வாங்கிய பிறகு உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால், கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்கிற கதைதான். தலையாட்டத்தான் முடியும். அனுமதிக்கு முன்னால் கூப்பிடுகிறார்கள் என்றால் நீங்கள் சொல்வதில் ஏதாவது உள்ளே போக வாய்ப்பிருக்கிறது. அவர் "அனுப்பியாச்சும்மா" என்று சொன்னால் உடனே முடியாது என்று சொல்லிவிட வேண்டாம், "அப்போ நாங்க சொல்றதுல எதை மாத்த முடியும் டாக்டர்?" என்று அடுத்ததைக் கேளுங்கள். நல்ல ஆராய்ச்சியாளராக இருந்தால் "கேள்வித்தாள் முடிந்துவிட்டது, ஆனால் யாரை எந்த நேரத்தில் எப்படிச் சந்திப்பது, முடிவை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் இன்னும் பேசலாம்" என்பது போலத் திட்டமாகப் பதில் வரும். "நீங்க வந்து உட்காருங்க, அது போதும்" என்று வந்தால், அது போட்டோவுக்கான அழைப்பு. தாராளமாக மறுத்துவிடுங்கள்.

"நான் என்ன பேசுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

உங்கள் ஆராய்ச்சியைப் போலவே ஒன்று சில வருடங்களுக்கு முன் என் முன்னால் வந்தது, டயாலிசிஸ் நாளைத் தவறவிடுகிறவர்களைப் பற்றியதுதான். கேள்வித்தாளில் காரணம் என்ற தலைப்பின் கீழே கட்டங்கள்: மறதி, உடல் அசதி, பணமின்மை, அக்கறையின்மை, மற்றவை. நோயாளிகள் சிலரையும் கூட வருகிறவர்களையும் உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டச் சொன்னோம். அக்கறையின்மை என்ற கட்டத்தை வாசித்ததும் ஓர் அம்மா, கணவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், உங்களைப் போலத்தான், சட்டென்று சொன்னார்: "அக்கறையெல்லாம் இருக்குதுங்க. மூணாவது ஷிப்ட் போட்டா ஊசி கழட்டி ரத்தம் நிக்கறதுக்குள்ள ஒம்போதரை ஆயிருது. எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு எட்டே முக்காலுக்கு. ஆட்டோவுக்குக் குடுக்க ஏது? மூணாவது ஷிப்ட்னு சொல்லிட்டா அன்னைக்கு வரமாட்டோம், அவ்வளவுதான்."

அந்தக் கேள்வித்தாளில் எந்த ஷிப்ட் என்று ஒரு வரி கூட இல்லை. எழுதிய டாக்டர் மோசமானவர் இல்லை, கெட்டிக்காரர், நோயாளிகள் மேல் பிரியம் உள்ளவர். ஆனால் அவர் கார் வைத்திருக்கிறார், அவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டிய அவசியம் வாழ்க்கையில் வந்ததே இல்லை. எந்த ஷிப்ட், வீடு போய்ச் சேர என்ன வண்டி என்று இரண்டு வரிகள் சேர்ந்தன. அவை இல்லாமல் போயிருந்தால் எல்லோரும் 'அக்கறையின்மை'யிலோ 'மற்றவை'யிலோ போய் விழுந்திருப்பார்கள், கடைசியில் 'நோயாளிகளுக்கு விழிப்புணர்வு தேவை' என்று வழக்கமான ஒரு வரியோடு ஆய்வு முடிந்திருக்கும், சுவரில் இன்னொரு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். தூரத்து ஊர்க்காரர்களுக்குக் காலை ஷிப்ட் ஒதுக்க வேண்டும் என்பது செலவே இல்லாத தீர்வு, அது யாருக்கும் தோன்றியிருக்காது.

நீங்கள் பேச வேண்டியது இந்த மாதிரி விஷயங்கள்தான். கிரியேட்டினின் பற்றி அவர்களுக்குத் தெரியும், நீங்கள் படித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. டயாலிசிஸ் அன்றைக்கு வீட்டில் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், அன்றைக்குத் தையல் எவ்வளவு நின்றுபோகிறது, முடிந்து வந்த பிறகு அவரால் எத்தனை மணி நேரம் எழுந்திருக்க முடிவதில்லை, தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லும் டாக்டர் சித்திரை வெயிலில் எப்படிக் குறைப்பது என்று சொல்லியிருக்கிறாரா, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா கையை வைத்துக்கொண்டு அவர் எந்த வேலையை விட்டுவிட்டார், பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போக முடியாமல் எத்தனை உறவு விட்டுப்போனது. இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை. நான்கு வருடம் கூடவே போய் வந்த உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இது ஏதோ நான் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்வது இல்லை. உலக அளவில் டயாலிசிஸ் ஆராய்ச்சிகளில் எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்ய சாங் என்ற ஒரு கூட்டு முயற்சி நடந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருங்கிணைத்தார்கள், பல நாட்டு நோயாளிகள், குடும்பத்தினர், மருத்துவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். மருத்துவர்கள் முன்னால் வைத்தது இறப்பு, ஆஸ்பத்திரியில் சேருவது, ரத்த அழுத்தம் இறங்குவது. நோயாளிகளும் குடும்பத்தினரும் அவர்களைவிட அழுத்திச் சொன்னவற்றில் வெளியூர் போய்வர முடிவது, டயாலிசிஸ் இல்லாத நேரம், டயாலிசிஸ் முடிந்ததும் ஆளைப் போட்டு அடிக்கும் அந்தக் களைப்பு எல்லாம் இருந்தன. இரண்டு தரப்பும் பேசிப் பேசிக் கடைசியில் ஹீமோடயாலிசிஸுக்கு நான்கு விஷயங்களை எல்லா ஆய்விலும் கட்டாயம் அளக்க வேண்டும் என்று வைத்தார்கள்: இதயநோய், ரத்தம் எடுக்கும் வழியான ஃபிஸ்டுலா போன்றவற்றின் நிலை, இறப்பு, களைப்பு. களைப்பு அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் கணவரைப் போன்றவர்கள் வாயைத் திறந்ததால்தான். முடக்குவாத ஆராய்ச்சியிலும் இதே கதை. மூட்டு வீக்கத்தையும் வலியையும் ரத்தத்தையும் வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்தவர்கள் 2002-இல் முதன்முறையாகத் தங்கள் சர்வதேசக் கூட்டத்துக்கு நோயாளிகளைக் கூப்பிட்டார்கள், வந்தவர்கள் களைப்பைப் பற்றிப் பேசினார்கள், அதற்கு முன் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இங்கிலாந்தில் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை இன்னும் நெத்தியடி. முழங்கால் தேய்மானத்துக்கு நடந்திருந்த சோதனை ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்து மாத்திரையைப் பற்றியது. நோயாளிகளிடம் எதை ஆராய வேண்டும் என்று கேட்டால், மருந்தை இன்னும் ஆராயுங்கள் என்றவர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். மற்றவர்கள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றியும் பிசியோதெரபியைப் பற்றியும் நோயோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதைப் பற்றியும் கேட்டார்கள். மருந்துக் கம்பெனிக்கு மாத்திரையில் லாபம் இருக்கிறது, காலை நீட்டி மடக்கும் பயிற்சியில் என்ன லாபம்? யார் கேள்வி கேட்கிறார்களோ அவர்களுக்கு வேண்டியதுதான் ஆராயப்படும். 2004-இல் அங்கே ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள், நோயாளிகளும் மருத்துவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு நோய்க்கு முதலில் விடை தேட வேண்டிய பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதே அதன் வேலை. இன்றும் நடக்கிறது.

நம் ஊரில் இது முழுக்கப் புதிதும் இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்த முதல் பெரிய ஆய்வே, காசநோயாளியை சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா என்பதுதான். முடியும் என்று காட்டினார்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று காட்டினார்கள், உலகமே அதற்குப் பிறகு சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் நோயாளிகளைக் குழுவில் உட்காரவைக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் மாதக்கணக்கில் படுக்கையில் போய்க் கிடக்க முடியாத ஏழைக் குடும்பங்களின் நிலைமையிலிருந்து பிறந்த கேள்வி அது. அப்புறம் எச்.ஐ.வி. வந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சங்கம் வைத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்களிடம் நேருக்கு நேர் பேசினார்கள், சென்னையிலும் பேசினார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் பெரிதாகச் சேரவில்லை என்பது என் ஆதங்கம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெஷினோடு கட்டிப்போட்டால் சங்கம் வைக்க நேரம் ஏது.

சரி, மறுத்தால் டயாலிசிஸில் கை வைப்பார்களா?

வைக்கக் கூடாது. ஆராய்ச்சியில் பங்கேற்பாளராகச் சேர மறுத்தாலும் நடுவில் விலகினாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்று தகவல் தாளிலேயே அச்சடித்திருக்க வேண்டும், பிரச்சினை என்றால் நெறிமுறைக் குழுவைக் கூப்பிட எண்ணும் அதில் இருக்க வேண்டும். குழுவில் உட்கார மறுப்பவருக்கு மட்டும் அதைவிடக் குறைந்த பாதுகாப்பா இருக்கும்? இருந்தாலும் காகிதத்தில் இருப்பதும் வார்டில் நடப்பதும் வேறு என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதனால் ஒன்று பாருங்கள்: உங்களைக் கூப்பிட்ட டாக்டரும் உங்கள் கணவருக்கு டயாலிசிஸ் பார்க்கிற டாக்டரும் ஒரே ஆளா? வேறு கல்லூரி, வேறு டாக்டர் என்றால் கவலையே வேண்டாம். ஒரே ஆள் என்றால், குழு சம்பந்தமாக எங்களிடம் பேச வேறு ஒருவரை வையுங்கள் என்று கேளுங்கள், சமூக மருத்துவத் துறையிலிருந்து யாராவது, அல்லது ஒரு சோஷியல் ஒர்க்கர். இது எங்கள் துறையில் வழக்கமாக எழும் கோரிக்கைதான், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மறுப்பது என்று முடிவெடுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "இப்போ வீட்டு நிலைமை சரியா வராதுங்க டாக்டர், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றால் போதும்.

பணம் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். கேளுங்கள். அந்த அறையில் உட்காரப் போகிற மற்ற எல்லோருக்கும் அன்றைய சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு மட்டும்தான் நின்றுபோகும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நோயாளிப் பிரதிநிதிக்கு நேரத்துக்கான பணத்தை ஆராய்ச்சி பட்ஜெட்டிலேயே ஒதுக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் நெறிமுறைகளும் பங்கேற்பாளருக்குப் போக்குவரத்துச் செலவும் போன கூலியும் கொடுக்கலாம் என்கின்றன, ஆலோசனை சொல்ல வருகிறவருக்குக் கொடுப்பதில் என்ன தடை? எப்படிக் கேட்பது என்றால், போனிலேயே முதல் தடவையே, "வந்து போற செலவும் அன்னைக்குக் கூலியும் தருவீங்களாங்க, கையில தருவீங்களா, பேங்க்லயா?" என்று. இந்தக் கடைசிப் பாதி முக்கியம். கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கு ஆதார் நகல், பாஸ்புக் நகல், ரசீது என்று கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பொங்கலுக்குப் போனதற்குத் தீபாவளிக்குப் பணம் வரும். பஸ் செலவையாவது அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள்.

போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகாதீர்கள், நீங்கள் இருவர் மட்டும் நோயாளித் தரப்பு என்றால் இன்னும் இரண்டு மூன்று பேரையாவது சேர்க்கச் சொல்லுங்கள். பத்து டாக்டர்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் என்றால் யாராக இருந்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசப் போகும் தாள்களைத் தமிழில், ஒரு வாரம் முன்னால், வாட்ஸ்அப்பிலாவது அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் டயாலிசிஸ் இல்லாத நாளில் இருக்க வேண்டும், இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள், சொல்ல வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளைக் கூப்பிட்டு நடத்திய ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஓர் இளநீரும் வாழைப்பழமும் வைத்து உபசரித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இரண்டும் பொட்டாசியம் கூடுதல் என்று நோயாளிகள் யாரும் தொடவில்லை, டாக்டர்கள்தான் குடித்தார்கள்.

கூட்டத்தில் புரியாத வார்த்தை வந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் ஒரு தடவை கேட்டால் அந்த அறையில் இன்னும் இரண்டு இளம் டாக்டர்களுக்கும் அப்போதுதான் புரியும். நோயாளிகளிடம் காட்டப் போகிற தாள் எதுவாக இருந்தாலும் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கும்போதே எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் சொந்தக் கதையை எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவு சொல்லலாம், ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரர் கதையைப் பெயரோடு சொல்லிவிடாதீர்கள், அது அவருடையது.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் எழுப்ப வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் எழுப்ப மாட்டார்கள். இந்த ஆராய்ச்சி டயாலிசிஸுக்கு வராதவர்களைப் பற்றியது. குழுவில் யார் உட்காரப் போகிறார்கள்? நான்கு வருடம் விடாமல் வந்த நீங்கள். நடுவில் நிறுத்தியவர்கள், கடன் முற்றி ஊரோடு போனவர்கள், கூட வர ஆள் இல்லாத பெண்கள், யாரும் அந்த அறையில் இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் உயிரோடும் இருக்க மாட்டார்கள். கணவனுக்கு டயாலிசிஸ் என்றால் மனைவி கூடப் போகிறாள், மனைவிக்கு என்றால் எத்தனை கணவன்மார் வாரம் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று உங்கள் வார்டிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் உள்ள பழைய போன் நம்பர் போதாது, கிராமச் சுகாதார செவிலியரையோ உங்களைப் போன்ற ஊர்க்காரரையோ கேட்டால்தான் நடக்கும் என்று சொல்லுங்கள். அப்படிப் போகிறவர்கள் எந்த நேரத்தில் போக வேண்டும், வாசலில் நின்று முதலில் என்ன சொல்ல வேண்டும், எதை எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது என்பதை அந்த மேஜையில் உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது.

படிவம் எதையாவது நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லலாம். போட்டோ, பெயர், வீடியோ எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும், ஒன்றுக்குச் சரி மற்றொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு இடம் உண்டு. ஆனால் உங்கள் பங்கு கட்டுரையில் நன்றியாகவாவது பெயரோடு வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதையும் கேளுங்கள், ஆராய்ச்சியில் நோயாளிகளுக்கு என்ன பங்கு இருந்தது என்று எழுதச் சொல்கிற மருத்துவ இதழ்கள் இப்போது இருக்கின்றன.

இந்தப் பதிலை அந்த டாக்டரும் படித்தால் அவருக்கு இரண்டு வார்த்தை. நீங்கள் கூப்பிட்டதே நல்ல விஷயம், இங்கே பலர் அதுவும் செய்வதில்லை. ஆனால் "நோயாளிகளும் குழுவில் உண்டு" என்று நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுதுவதற்காகக் கூப்பிட்டிருந்தால் இப்போதே நேராகச் சொல்லிவிடுங்கள், அவர்கள் நேரம் மிச்சம். நிஜமாகவே கேட்கிறீர்கள் என்றால், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. சொன்னது என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவதுதான் மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராமல் போவதற்குக் காரணம், நீங்கள் அதற்கும் 'அக்கறையின்மை' என்று கட்டம் போட்டுவிடாதீர்கள்.

சகோதரி, கடைசியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ஆராய்ச்சியின் பதிவு எண். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு (CTRI) 2007-இலிருந்து இருக்கிறது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மருந்துச் சோதனைக்குத்தான் பதிவு கட்டாயம் என்றாலும், இந்த மாதிரி ஆய்வுகளையும் அதில் பதியலாம். பதிந்திருந்தால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பதியவில்லை என்றால் ஏன் என்று அந்த டாக்டரிடமே கேட்கலாம். முடிவு வந்ததும் உங்கள் டயாலிசிஸ் வார்டிலேயே தமிழில் வந்து சொல்வார்களா, யார் வந்து சொல்வார்கள் என்பதையும் அந்த முதல் போனிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.